ஈரோடு–மும்பை லாரி சர்வீஸ்: மெதுவாகத்தான் வரும், பரவாயில்லை

பெட்ஷீட் பேல் (மூட்டை) அனுப்ப இப்போது இந்த லாரி ஆபீஸ்தான். மற்றவர்களைவிட ஒரு நாள் கூடுதலாகும், வாடகையும் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் டிரைவரை விடிய விடிய ஓட்ட விடமாட்டார்கள், நேரம் முடிந்தால் வண்டியை ஓரங்கட்டித் தூங்கச் சொல்லிவிடுவார்கள். 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, தொலைதூரம் என்றால் 10 வரை என்று இருந்தது, யார் மதித்தார்கள்? விமானிகள் மாதிரி லாரி டிரைவர்களுக்கும் நேர வரம்பு வேண்டும் என்று 2021-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். ஆனால் பேச்சை எடுத்தாலே எங்கள் வியாபாரிகளுக்குக் கோபம் வருகிறது, 'கடன் டியூ யார் கட்டுவது, சரக்கு லேட்டானால் வாங்கும் பார்ட்டி பணத்தைப் பிடிப்பானே' என்கிறார்கள். அதுவும் நியாயம்தான், அதற்காகத் தூங்காதவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுப்பதா? பேல் நனையாமல் போய்ச் சேர்கிறது. போனை மட்டும் லேசில் எடுக்கமாட்டார்கள். தீபாவளி சரக்கை முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள்.