பராக்குக் காட்டி வெல்லுதல்: ஏஜ் ஒப் எம்பயர்ஸ் 2இல் என் அனுபவம்

ஏஜ் ஒப் எம்பயர்ஸ் 2 என்பது ஊர் கட்டி, படை சேர்த்து எதிராளியோடு மோதும் கம்பியூட்டர் விளையாட்டு. அதன் புதுப்பித்த பதிப்பான டெபினிட்டிவ் எடிசனை 2020 தொடக்கத்தில் வாங்கினேன். அன்றிலிருந்து கிழமைக்கு மூன்று நாலு ஆட்டமாவது விளையாடுகிறேன், பெரும்பாலும் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன் அறையில், எதிர் மேசையில் மச்சான். கைவேகத்தில் அவன் எப்பவும் ஒரு படி மேலே. நான் வென்ற ஆட்டங்களில் முக்கால்வாசி, அவனுக்குப் பராக்குக் காட்டிவிட்டு வேறு பக்கத்தால் போய் வென்றவைதான்.

முதல் ஒரு வருடம் இதைப் பிழையாக விளங்கி வைத்திருந்தேன். ஆறு லைட் கவல்றியை, அதாவது வேகமான மலிவுக் குதிரைவீரரை, அவனுடைய மரம் வெட்டும் இடத்துக்கு அனுப்புவேன், வேலை செய்யும் ஆட்களான வில்லேஜரில் நாலு பேரைக் கொன்றால் வெற்றி, ஒன்றும் சாகாவிட்டால் தோல்வி என்று கணக்குப் போடுவேன். ஒருநாள் முடிந்த ஆட்டத்தின் பதிவை அவன் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நான் கொன்றது ஒரேயொரு ஆளை. ஆனால் அவன் ஆட்களை உள்ளே ஒளியச் சொல்லும் மணியை அடித்திருக்கிறான், 40 பேர் வேலையை விட்டுவிட்டு டவுன் சென்டர்களுக்குள் ஓடி அரை நிமிடம் சும்மா நின்றிருக்கிறார்கள். ஒரு ஆளின் கணக்கில் அது 20 நிமிட உழைப்பு. அதுமட்டுமில்லை, 25 செக்கனுக்கு ஒரு வில்லேஜர் வரவேண்டிய இடத்தில் அவன் அடுத்ததை அழுத்தவே மறந்துவிட்டான், மறுமுனையில் கட்டடம் இடிக்கும் என் றாம்கள் அவனுடைய கோட்டையைப் பாதி உடைத்து முடித்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறான். ஆள் சாவதல்ல முக்கியம், கண் எங்கே நிற்கிறது என்பதுதான்.

அதை நான் காதாலும் கேட்டிருக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனதே, அந்த நாட்களில் லப்டொப் பற்றரி தீரும்வரை போன் டேட்டாவில் விளையாடுவோம். மின்விசிறி ஓடாததால் அறை அமைதி. அவனுடைய மவுஸ் சத்தம் தெளிவாகக் கேட்கும். சாதாரணமாக நிதானமாக வரும் கிளிக், என் குதிரைகள் உள்ளே நுழைந்ததும் தகரத்தில் மழை கொட்டின மாதிரி ஆகிவிடும். அந்தச் சத்தம் தொடங்கியதும் மற்றப் பக்கத்துப் படையை நகர்த்துவேன். ஒன்லைனில் முகம் தெரியாதவரோடு ஆடும்போது சத்தம் கேட்காது, ஆனால் வேறு அடையாளம் இருக்கிறது: முன்வரிசையில் நிற்கும் அவருடைய ஆளுக்குத் தூரத்திலிருந்து ஒரு வில்லாளியால் அடித்துப் பாருங்கள். காயம்பட்டவனைப் பின்னால் இழுக்காவிட்டால் அவர் கண் அங்கே இல்லை.

இதில் எனக்குப் பட்ட பெரிய அடி, பராக்குக் காட்டப் போய் நானே பராக்குப் பார்த்தது. குதிரைகளைக் காப்பாற்றுவதிலேயே கவனம் போய், என் ஊரில் உணவு 900 குவிந்து, ஆட்கள் தங்க வீடு கட்டாமல் புது ஆள் வருவது நின்றிருக்கும். இப்போது அனுப்புவதற்கு முன்பே ஆள் உருவாக்கும் வரிசையெல்லாம் போட்டு, வீடு கட்டச் சொல்லிவிட்டு, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு மரம், தங்கம், வயல் என்று வழி குறித்து விட்டுவிடுவேன். பிறகு பார்ப்பதில்லை. செத்தால் சாகட்டும், லைட் கவல்றி ஒன்றுக்கு 80 உணவுதான், தங்கம் போகாது. இதற்காக நைட் என்ற விலைகூடிய குதிரைவீரனை அனுப்பாதீர்கள்.

இன்னொன்றை இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் படித்துப் பிடித்துக்கொண்டேன். 1944 ஜூன் 6இல் நேச நாட்டுப் படை நோர்மண்டியில் இறங்கிய பிறகும், உண்மையான தாக்குதல் கலே பக்கம்தான் வரும் என்ற நாடகத்தை அவர்கள் நிறுத்தவில்லை, ஜெர்மானியர் பல கிழமை அங்கே ஒரு படையைக் காத்திருக்க வைத்தார்கள். நான் செய்துவந்தது நேர்மாறு: உண்மைத் தாக்குதல் தொடங்கியதும் குதிரைகளைத் திருப்பி எடுத்துவிடுவேன், அவனுக்கு உடனே விளங்கிவிடும். இப்போது இரண்டாவது கூட்டம் குதிரையை, கோட்டையில் அடி விழுந்துகொண்டிருக்கும்போதே அனுப்புகிறேன்.

தண்ணீர் மப்புகளில், அதாவது கடல் நிறைந்த ஆட்டக் களங்களில், இது இன்னும் நன்றாக எடுபடும். துறைமுக ஊரில் பிறந்ததாலோ என்னவோ, எனக்கு அதில்தான் விருப்பம். ஏப்ரல் 2022இல் இந்த விளையாட்டில் திராவிடர் என்ற இனம் வந்த பிறகு அவர்களைத்தான் எடுப்பேன், ஆட்கள் தமிழில் பதில் சொல்வதைக் கேட்கவே ஒரு சந்தோசம். முன்கரையில் கப்பல்களை வைத்துச் சண்டை, மப்பின் விளிம்போடு ஏற்றுக்கப்பலில் ஆட்கள். ஆனால் முன்கரையில் இரண்டு கப்பலை மட்டும் விட்டால் எவரும் ஏமாறமாட்டார்கள், உண்மையிலேயே நோகிற அளவு அடி இருக்கவேண்டும். கம்பியூட்டருக்கு எதிராகப் பெரிதாகப் பலன் இல்லை, அதற்குக் கண் அலைபாயாது.

மச்சானும் சும்மா இருக்கவில்லை. மரம் வெட்டும் இடத்தில் ஒரு டவர், நாலு ஈட்டிக்காரர், பிறகு திரும்பியே பார்ப்பதில்லை. அதனால் இப்போது அவன் பார்க்காத அந்த இடத்துக்கே, வழக்கமான ஆறு குதிரைக்குப் பின்னால் முழுப் படையையும் கொண்டுபோகிறேன். போன இரண்டு கிழமையில் இரண்டு தரம் சரிவந்தது.