காரைக்குடியில் 41 பிளேட்டுகளுக்கு வயசு பார்த்தேன்

பள்ளத்தூரில் எங்கள் பெரிய வீட்டைப் பங்கு பிரித்தபோது வெள்ளிச் சாமான், தேக்குக் கட்டில், எனாமல் அடுக்கு எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. மச்சில் கிடந்த தகரப் பெட்டிக்கு மட்டும் யாரும் கை நீட்டவில்லை. திறந்தால் கிராமபோன் பிளேட்டுகள், மொத்தம் 41. மேலே ஒரு கரண்டிப் பெட்டியைத் தூக்கி வைத்திருந்ததில் மூன்று உடைந்தே போயிருந்தன. "நீதானே பாட்டு டீச்சரம்மா, நீயே வச்சுக்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் தமிழ் டீச்சர். பாட்டு டீச்சர் இல்லை. சரி, போகட்டும்.

முதலில் வந்தவர் பழஞ்சாமான் வியாபாரி ஒருவர். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "நாய்ப்படம் போட்டது பூராவும் நூறு வருசத்துக்கு மேல ஆச்சி, மொத்தமா எட்டாயிரம் தாரேன்" என்றார். ஹோட்டல் சுவரில் மாட்டுவதற்காம். அவர் போன பிறகு அத்தை மகன்தான் காரைக்குடியில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பி இப்போது இந்தப் பிளேட்டுகளைக் கழுவி, பென் டிரைவில் ஏற்றி, எந்த வருசத்துப் பதிவு என்றும் எழுதித் தருகிறார் என்று சொன்னான். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாடிப்படி செங்குத்து. முட்டிவலிக்காரர்கள் கீழே நின்று கூப்பிட்டால் அவரே இறங்கி வந்து பெட்டியைத் தூக்கிக்கொள்கிறார்.

அவருக்கு ஐம்பது வயசு இருக்கும். பெட்டியைத் திறந்ததும் பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "கல்யாணக் கணக்கு ஏடு ஏதும் இருக்கா ஆச்சி?" என்றுதான் கேட்டார். எனக்கு அங்கேயே அவரைப் பிடித்துவிட்டது. செட்டிநாட்டு வீட்டில் வேறு எது தொலைந்தாலும் கணக்கு தொலையாது. எங்கள் அத்தை கல்யாண ஏட்டில், பிரமோதூத வருசம் தை மாசத்துச் செலவில், பந்தக்கால் கூலிக்கும் தேங்காய்க்கும் நடுவில் "பாட்டுப்பெட்டி 1, பிளேட்டு 24" என்று இருந்தது. அதாவது 1931 ஜனவரி, பிப்ரவரி வாக்கில்.

ஆனால் வீட்டில் சொல்லிவந்த கதை வேறு. எங்கள் தாத்தாவான ஐயா 1912-இல் தன் கல்யாணத்துக்காக ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பெட்டி, பிளேட்டு எல்லாம் அது என்றுதான் அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, சொல்லுவார்கள். நானும் வகுப்பில் பிள்ளைகளிடம் பெருமையடித்திருக்கிறேன்.

தம்பி நாய்ப்படம் போட்ட ஒரு எச்.எம்.வி. கம்பெனித் தட்டை எடுத்து, லேபிளை விட்டுவிட்டு, பாட்டு முடிந்து வெறுமையாக இருக்கும் உள்வட்டத்தை டார்ச் அடித்துச் சாய்த்துக் காட்டினார். அரக்கில் பதிந்த ஒரு எண், அதற்குப் பின்னால் கடுகளவு முக்கோணம். "ஆச்சி, தப்பா நினைக்காதீக. இந்த முக்கோணம் இருந்தா மைக் வச்சுப் பதிஞ்சதுன்னு அர்த்தம். அந்த முறை அமெரிக்காவில் கடைக்கு வந்ததே 1925-இல்தான். ஐயா கல்யாணத்துக்கு இது வந்திருக்க முடியாது." முக்கோணத்துக்குப் பதில் சதுரம் இருந்தால் கம்பெனி சொந்தமாகச் செய்த வேறு கருவியாம், அது 1931-க்கு அப்புறம். நாய்த் தட்டுகள் ஒன்பதில் ஆறு முக்கோணம், மூன்று சதுரம். நூறு வருசக் கணக்கு அதோடு போயிற்று. நாயை வைத்து வயசு சொல்லவே முடியாது என்றும் சொன்னார். 1960-களில்கூட நம் நாட்டில் 78 சுற்றுத் தட்டு அச்சாகி வந்திருக்கிறது, அதிலும் அதே நாய்தான்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு தட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். மைக்குக்கு முந்தைய பதிவில் பாடகர் ஒரு தகரக் குழலுக்குள் தலையை விடாத குறையாகக் கத்த வேண்டும். அந்தச் சத்தத்தின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். மிருதங்கம் எங்கோ பக்கத்துத் தெருவில் தட்டுவதுபோல் இருக்கும். மைக் வந்த பிறகு இடந்தலையின் 'கும்' தனியாகக் கேட்கிறது. ஒருமுறை கேட்டால் போதும், அப்புறம் முக்கோணத்தைத் தேடாமலே காது பிரித்துவிடும். நானே மீதித் தட்டுகளில் நாலைந்தைச் சரியாகச் சொன்னேன். அந்த மத்தியானம் நன்றாகப் போயிற்று.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது, வருசம் என்று ஒற்றை எண்ணைத் தூக்கிக் கொடுக்காததுதான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தாள் தருகிறார். அதில் பதிந்த காலம், அச்சடித்த காலம், வீட்டுக்கு வந்த காலம் என்று மூன்று வரி. புத்தகத்துக்கு முதற்பதிப்பும் மறுபதிப்பும் போலத்தான் இது. எங்கள் பெட்டியில் நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா தட்டு ஒன்று இருந்தது. அவர் 1933 டிசம்பரில் இறந்துபோனார். ஆகவே குரல் அதற்கு முந்தியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தட்டு? விற்கிற வரைக்கும் கம்பெனிக்காரன் அச்சடித்துக்கொண்டேதான் இருப்பான். லேபிளின் அமைப்பை வைத்து இது பின்னால் அடித்த பிரதி என்று எழுதியிருக்கிறார். இதே வேலையை லேபிளை மட்டும் பார்த்துச் செய்திருந்தால் பாட்டுக்கே வயசு குறைந்திருக்கும்.

உறையை அவர் சாட்சியாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஓடியன் தட்டு ஒன்று சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் பெயர் போட்ட காகித உறையில் இருந்தது. நம் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கூட்டாளிகளோடு சேர்ந்து 1932-இல் ஆரம்பித்தது அது. அப்பா ஆவிச்சி செட்டியாரின் காரைக்குடிக் கடையில் கிராமபோன் தட்டு விற்று, அங்கிருந்து சென்னைக்குப் போய், ஜெர்மன் ஓடியனுக்கு ஏஜென்ட் ஆனார்கள். சினிமா ஸ்டுடியோ எல்லாம் அதற்குப் பிறகு. ஊர்ப் பெருமையில் நான் துள்ளிக் குதித்தேன். தம்பி அசரவில்லை. "உறைன்னா சட்டை மாதிரி ஆச்சி, யாரு சட்டையையும் யாரும் போட்டுக்கலாம்" என்று ஓரமாக வைத்துவிட்டார். உள்ளே இருந்த தட்டின் எண்ணைப் பார்த்த பிறகுதான் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்று தாளில் ஏறியது.

பேச்சுத் தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டுத் தட்டைவிட எனக்கு அதில்தான் ருசி. நாடக செட் ஒன்று இருந்தது, பத்து அங்குலத் தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிசத்துக்கு மேல் கொள்ளாது. ராஜா கோபமாகக் கத்தியை உருவும்போது பக்கம் முடிந்துவிடும். திருப்பிப் போட்டு, சாவி கொடுத்து, ஊசி மாற்றினால்தான் கத்தி கீழே இறங்கும். ஒரு தட்டு குறைந்ததால் ஏழாம் பக்கமும் எட்டாம் பக்கமும் இல்லை. ராணியைக் காட்டுக்கு அனுப்பியது யார் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது.

தனியாக ஒரு காமிக் தட்டும் இருந்தது. புருசன் பெண்டாட்டி சண்டை. பெயர் இருந்த இடம் சுரண்டிப் போய், எண்ணும் மங்கிவிட்டது. இதற்கு எப்படி வயசு பார்ப்பீர்கள் என்று கேட்டேன். "பேச விடுங்க" என்றார். இரண்டாம் பக்கத்தில் அந்த அம்மாள் 'டாக்கி' பார்க்கக் காசு கேட்கிறாள். தமிழில் முதல் பேசும் படம் காளிதாஸ் வந்தது 1931 அக்டோபர் கடைசியில். இந்தச் சண்டை அதற்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான் நடந்திருக்க முடியும், ஐயா கல்யாணத்தின்போது டாக்கி என்கிற வார்த்தையே ஊரில் கிடையாது. பாட்டென்றால் ராகமும் தாளமும் நூறு வருசம் முன்னும் பின்னும் ஒன்றுபோல இருக்கும். பேச்சு அப்படியில்லை, காசு, பஸ், படம் என்று ஏதாவது ஒன்றில் காலத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கழுவி பென் டிரைவில் ஏற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக. தட்டு அரக்கும் கல் மாவும் கரியும் சேர்ந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். நான் கிட்டத்தட்ட அதைத்தான் செய்யவிருந்தேன். அவர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, லேபிள் நனையாமல், மெல்லிய பிரஷ்ஷால் சுற்றுவாக்கில் தேய்க்கிறார். எல்.பி. தட்டுக்கான ஊசி இதற்கு ஆகாது, இதன் பள்ளம் அகலம், ஏறக்குறைய நான்கு மடங்கு தடித்த ஊசி வேண்டும். வேகம் பார்க்க 77 கோடு போட்ட ஒரு அட்டையைத் தட்டின் மேல் வைத்துச் சுழற்றுகிறார். நம் கரண்டுக்கு அந்தக் கோடுகள் அசையாமல் நின்றால் நிமிசத்துக்கு ஏறக்குறைய 78 சுற்று. அதற்காகவே சோக் வைத்த பழைய டியூப்லைட் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார். எல்.இ.டி. வெளிச்சத்தில் கோடு நிற்காதாம். ஆனால் ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் 78-இல் பதிந்தவை அல்ல, எழுபது சொச்சத்திலிருந்து எண்பதுக்கு மேல் வரை உண்டு. ஒரு வித்வான் 78-இல் பொடியன்போலக் கீச்சென்று பாடினார். பின்னால் வரும் ஆர்மோனியத்தைக் கடையில் உள்ள பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு கட்டை ஏறியிருக்கிறது. வேகத்தைக் குறைத்ததும் ஆள் பெரியவராகிவிட்டார்.

இருப்பதிலேயே பழையது ஒரே பக்கத்துத் தட்டு. பின்பக்கம் வழவழவென்று சும்மா இருக்கிறது. லேபிளில் நாய் இல்லை, இறகு வைத்த தேவதை உட்கார்ந்து எழுதுகிறது. பெயரை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. அடியில் பொடி எழுத்தில் ஜெர்மனியின் ஹானோவர் ஊர்ப் பெயர் மட்டும் மிச்சம். 1908-இல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வரும்வரை கிராமபோன் கம்பெனி பதிந்த நம்மூர்ப் பாட்டெல்லாம் மெழுகில் பதிந்து கப்பலேறி ஹானோவர் போய் அச்சாகித் திரும்பி வந்தவைதான். அங்கே இருப்பவர்களுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டாமா? அதனால் முடிவில் பாடியவரே பெயரைச் சொல்ல வேண்டும். 1902-இல் கல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜான், பாடி முடித்து இங்கிலீஷில் தன் பெயரைச் சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். எங்கள் தட்டிலும் கடைசியில் ஒரு பெண்குரல் "கோயமுத்தூர்" என்கிறது. அடுத்த வார்த்தையில் கீறல், டக் டக் டக். நான் உடனே "கோயமுத்தூர் தாயி!" என்று கத்தினேன். அந்தக் காலத்தில் நிறைய பிளேட்டு கொடுத்தவர் அந்த அம்மாள். தம்பி ஆஸ்திரேலியாக்காரர் மைக்கேல் கின்னியர் தொகுத்த எண் பட்டியலைப் புரட்டினார். உள்வட்ட எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் ஊசி உழுது போய்விட்டது. தாளில் "காலம்: 1908-க்கு முன். பாடியவர்: ?" என்று எழுதினார். தாயி என்று போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். "போட்டா நாளைக்கு அதைப் பார்த்து இன்னொருத்தன் போடுவான் ஆச்சி" என்றார். பேசாமல் வந்துவிட்டேன். ரங்கூன் கதையில் இந்த ஒரு தட்டுக்கு மட்டும் இடம் இருக்கிறது. அப்பச்சி முழுக்கப் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். மூன்று வாரம் என்று சொல்லி ஏழு வாரம் ஆக்கினார். போன் எடுப்பது அவருக்குப் பழக்கமில்லை. முதலில் கொடுத்த பென் டிரைவில் இரைச்சலைச் சுத்தமாக எடுக்கிறேன் என்று தம்புராவையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தார், நாடகத்தில் 'ச' எல்லாம் 'த' மாதிரி கேட்டது. சொன்னதும் முகம் சுளிக்காமல், கை வைக்காத பதிவையும் தனியாக ஏற்றிக் கொடுத்தார். நீங்கள் போனால் அதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். ஒரு உறையின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எண் எழுதியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பென்சில் எத்தனை ரூபாய்?

கட்டணம் ஒரு பக்கத்துக்கு 150, தாளுக்கு 100. உடையாத 38 தட்டில் 75 பக்கம், எல்லாம் சேர்த்து 15,050. ஐம்பதைத் தள்ளிக்கொண்டார். எட்டாயிரத்துக்கு விற்றிருக்க வேண்டியதற்கு மேலே பதினைந்தாயிரம் செலவழித்தாயா என்று என் கூடப்பிறந்த தம்பியின் பெண்டாட்டி கேட்டாள். அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அரியக்குடிக்கும் எங்களுக்கும் ஒரு பஸ் டிக்கெட் தூரம். காரைக்குடி சாம்பசிவ அய்யர் வீணை ஒன்றாவது இருக்கும் என்று நம்பித்தான் பெட்டியைக் கிளறினேன். இல்லை.

போன வாரம் தேவகோட்டை அத்தை மகளிடம் பேசும்போது அந்த நாடக செட்டைச் சொன்னேன். "அதே மாதிரி நாலஞ்சு எங்க வீட்டிலும் கிடக்கு, ராசா ராணி பேசுமே அதுதானே?" என்றாள். எங்கே கிடக்கிறது என்று கேட்டேன். இரண்டாங்கட்டில் தரையோடு அடுக்கி, மேலே வெந்நீர் அண்டா வைத்திருக்கிறார்களாம். பஸ் ஏறுவதற்கு முன் அண்டாவை மட்டும் இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.