ஈர வீட்டில் ஓர் அரூப ஓவியம்: சில வருட அனுபவம்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம் வீட்டுச் சுவரில் படம் மாட்டுவதென்றால் முதலில் யோசிக்க வேண்டியது ஈரத்தை. மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் செப்டம்பர் வரை உடுப்பே ஒழுங்காகக் காயாது. அப்படியான வீட்டின் முன்னறையில் ரஷ்ய அரூப ஓவியர் வசிலி கண்டின்ஸ்கியின் வட்டங்கள், ஓர் அச்சுப் பிரதியாக, சில வருடங்களாகத் தொங்குகின்றன. இன்னும் நன்றாகவே இருக்கின்றன.

மூலம் 1913இல் வரைந்தது. மியூனிக் நகரின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 12 சதுரங்கள், ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் வட்டம். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அவர் போட்ட பயிற்சித் தாள் அது. அளவு ஏறக்குறைய 24க்கு 32 சென்ரிமீற்றர்தான். அவர் இறந்தது 1944இல். 70 வருடப் பதிப்புரிமையும் முடிந்துவிட்டதால் பலரும் அச்சிட்டு விற்கிறார்கள், சுவர் அளவுக்குக்கூடப் பெருப்பிக்கிறார்கள். பெருப்பித்தால் நீர்வண்ணத்தின் மென்மை போய்விடும் என்பது என் எண்ணம். ஏ3 தாளில் சுற்றிவர வெள்ளை விட்டு, மூலத்தின் அளவிலேயே அச்சிட்ட பிரதியை எடுத்தேன். மினுங்காத தாள், பிக்மென்ட் மை (நிறத்துகள் கலந்த மை). சாதாரண டை மை (கரைந்த சாயம்) வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும்.

பிரதியின் விலையைவிட பிரேமுக்குக் கூடச் செலவழித்தேன். சாமிப்படமும் கல்யாணப்படமும் பிரேம் போடும் டவுன் கடையில்தான் செய்வித்தேன். வழக்கமாகப் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துத்தான் அடிப்பார்கள். நம்முடைய குளிருக்குக் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். தாள் அதில் ஒட்டிக்கொண்டால் பிறகு மையோடுதான் உரியும். அதனால் இடையில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) வைக்கச் சொன்னேன். தாளை முழுக்கப் பசை போட்டு ஒட்டாமல் மேல் விளிம்பில் மட்டும் பிடிக்கச் செய்தேன். இது பெரிய உதவி: ஜூலையில் தாள் ஈரம் குடித்து இலேசாக நெளிகிறது, பெப்ரவரி வெயிலில் தானாகவே நிமிர்ந்துவிடுகிறது.

காற்றில் ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். இங்கே அது தவிர்க்க முடியாத விஷயம். பிரேமின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, பின்னால் காற்றுப் போக இடம் விட்டேன். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டினேன். இவ்வளவுக்கும் பின்பக்க ஹார்ட்போட்டில் கரும்புள்ளிகள் வந்தன, மாற்றினேன். தாளில் ஒன்றுமில்லை. தெரிந்தவர் ஒருவர் ஒன்லைனில் ரெடிமேட் பிரேமோடு வாங்கிய படத்தில், எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) சட்டம் ஒரே மழைக்காலத்தில் அடியில் ஊதிப்போனது.

"இதுல என்னா இருக்கு?" என்று முதலில் கேட்ட அம்மாவுக்கு இப்போது பிடித்த சதுரம் என்று ஒன்று உண்டு. மூட்டம் இறங்கிய பின்னேரம், லைட் போடுவதற்கு முன் பாருங்கள்: சிவப்பு வட்டங்கள் இருண்டு பின்வாங்கும், நீலம் எழும்பி நிற்கும். மங்கிய வெளிச்சத்தில் நம் கண் அப்படித்தான் பார்க்கும். பல்ப் போட்டதும் எல்லாம் தலைகீழ். ஆள் உருவமோ இயற்கைக் காட்சியோ உள்ள படத்தில் இந்த மாற்றத்தை நான் இவ்வளவு கவனித்ததில்லை. நிறம் மட்டுமே விஷயமாக இருப்பதால் இங்கே கண் அதிலேயே நிற்கிறது.

பராமரிப்பு கொஞ்சம்தான். மழை ஓய்ந்ததும் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்து, காய்ந்த துணியால் துடைத்து மாட்டுகிறேன். கண்ணாடியில் நேரே ஸ்பிரே அடிக்காதீர்கள், விளிம்பால் உள்ளே இறங்கும். துணியில் அடித்துத் துடையுங்கள்.