ஒரு முதியோர் இல்லத்தில் நாலு வருஷம்: அம்மாவின் ராத்திரிகள்

கோவைக்கு வெளியே, கட்டணம் வாங்கும் ஒரு முதியோர் இல்லத்தில் 2021 ஆகஸ்டில் அம்மாவைச் சேர்த்தேன். அப்போது அவருக்கு 76 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடந்துகொண்டிருந்தார். இருபது வருடச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். நானும் மனைவியும் பெங்களூரில் வேலைக்குப் போகிறவர்கள். இல்லத்தின் பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

சேரும்போது டெபாசிட் 3 லட்சம், மாதம் 26,000. இப்போது 35,000. டயப்பர், மருந்து, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருபவரின் கூலி எல்லாம் தனி. அறை சுத்தமாக இருக்கும். சாம்பாரில் உப்பு போதவில்லை என்று முதல் நாள் சொன்னதை அம்மா இன்றும் சொல்கிறார், அதை விடுங்கள்.

நான் இடம் பார்க்கப் போனது ஒரு ஞாயிறு காலை பதினோரு மணிக்கு. தோட்டம், பிள்ளையார் கோயில், பிசியோதெரபி அறை, பாத்ரூமில் பிடிமானக் கம்பி என்று எல்லாம் காட்டினார்கள். சமூக நலத்துறையில் பதிவு செய்த சான்றிதழைக்கூடக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், பெரிய விவரமானவன் என்ற நினைப்பு. ராத்திரி எத்தனை பேர் டூட்டி பார்ப்பார்கள் என்று கேட்க மட்டும் தோன்றவில்லை.

ஐந்தாவது மாதம் தெரிந்துகொண்டேன். ராத்திரி இரண்டரைக்கு அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு குழறியிருக்கிறது. பக்கத்துக் கட்டில் பாட்டி பெல்லை அழுத்தியிருக்கிறார். பெல் கீழ்த்தளத்தில் நர்ஸ் மேசையில் அடிக்கும். அன்றைக்கு இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஒரே ஆயாதான், அவரும் வேறொருவரை பாத்ரூமுக்குக் கூட்டிப்போயிருந்தார். இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் சர்க்கரை 54. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றிவிட்டார்கள். 70க்குக் கீழே போனாலே ஆபத்து என்பது சர்க்கரைக்காரர்கள் உள்ள எந்த வீட்டுக்கும் தெரியும்.

காரணத்தை யோசித்தால் எரிச்சல்தான் வந்தது. சமையல்காரர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக, இரவுச் சாப்பாடு ஆறே முக்காலுக்கே முடிந்துவிடும். அடுத்து வாயில் எதுவும் படுவது காலை ஆறு மணிக் காபிதான். பதினோரு மணி நேர இடைவெளியில் இரண்டு இட்லியை நம்பி இன்சுலின் போட்டால் என்ன ஆகும்? டாக்டர் ராத்திரி அளவைக் குறைத்தார். ஒன்பதரைக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்கச் சொல்லி எழுதி வாங்கிக் கொடுத்தேன். நிர்வாகம் அதை மறுக்கவில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். அடுத்த மாதமே சர்க்கரை உள்ள எல்லாருக்கும் ஒன்பதரைப் பால் வந்தது. ராத்திரிக்கு இன்னொரு ஆள் வர ஒரு வருடம் பிடித்தது.

முதியோர் உதவி எண் 14567 இருக்கிறதே என்பீர்கள். நல்ல சேவைதான். அதுவும் காலை 8 முதல் இரவு 8 வரைதான்.

இத்தனைக்கும் பிறகு அம்மாவை அங்கேயே விட்டு வைத்ததற்குக் காரணம் ஒரு ஆயா. சத்தியமங்கலம் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். 2023இல் அம்மா காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தபடியே கிடந்தார். "அண்ணா, ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க" என்று அவர்தான் கூப்பிட்டார். வால் எலும்புக்கு மேலே ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றார். படுக்கைப்புண் அப்படித்தான் தொடங்கும். தோல் உரிந்துவிட்டால் ஆற மாதக்கணக்காகும். ஏர் பெட் வாங்கி அனுப்பினேன். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், அதற்குக் கட்டில் காலில் ஒரு சார்ட் தொங்கும். அந்த வார இறுதியில் நான் போனபோது மணி நான்கு. சார்ட்டில் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது, ஒரே பேனா. சத்தியமங்கலத்து அக்கா டூட்டியில் இல்லாத நாள் அது. அவர் இருக்கும் நாட்களில் சார்ட்டே பாதி காலியாகக் கிடக்கும், அம்மாவின் முதுகு மட்டும் சரியாக இருக்கும். புண் ஆகாமல் தப்பியது அவரால்தான்.

போன வருடம் அவர் போய்விட்டார். திருப்பூர் பனியன் கம்பெனியில் இதைவிட மூவாயிரம் கூடுதல், ராத்திரி வேலையும் கிடையாது. என் கட்டணம் ஏறிய அளவுக்கு ஆயாக்களின் சம்பளம் ஏறவில்லை என்று அவர் சொல்லித்தான் தெரியும். அதற்கப்புறம் அம்மாவுக்கு நான்கு பேர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் எந்தக் காதில் மெஷின், பல்செட் எந்த டப்பாவில், எந்தப் பக்கம் பிடித்து எழுப்பினால் இடுப்பு வலிக்காது என்று அம்மா முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார். மூன்றாவது ஆளிடம் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

இடம் தேடுகிறவர்கள் ராத்திரி எட்டரைக்கு ஒரு தடவை, சொல்லாமல் போய்ப் பாருங்கள். உள்ளே விடவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். ஆயாக்களிடம் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். டெபாசிட்டில் வருடாவருடம் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு வருடம் பத்து சதவீதம், அது எனக்குத் தெரிந்ததே மூன்றாவது வருடம்.

பெங்களூருக்கே வந்துவிடச் சொல்லிப் போன மாதம் அம்மாவிடம் கேட்டேன். "அங்க ராத்திரியில எந்திரிச்சா நீதான் வரோணும், காலைல ஆபீசு போறவன். வேண்டாஞ் சாமி, அந்தப் பால மட்டும் நிறுத்தாமப் பாத்துக்க" என்றார்.