பாரிமுனையில் "புது" லைப்போ பேக் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஆர்.சி. கார் (ரிமோட்டில் ஓடுவது) ஓட்டுகிற வடசென்னைப் பசங்களுக்கும், அவர்களுக்குக் காசு கொடுக்கிற அப்பா அம்மாக்களுக்கும் இந்தப் பதிவு. பாரிமுனைப் பக்கம் ஒரு சந்துக்கடையில் ஓடி முடித்த பழைய லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பேக்குகளுக்குப் புது உறை மாட்டி, புது ஸ்டிக்கர் ஒட்டி, புதுசு என்று விற்கிறார்கள். எனக்கும் ஒன்று விற்றார்கள். அது ஊதிப்போய், திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர்கள் சொன்ன யோசனை இருக்கிறதே, அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. போட்டால் போர்டை மாற்றிக்கொண்டு அடுத்த சந்துக்குப் போய்விடுவார்கள். சரக்கை அடையாளம் தெரிந்துவிட்டால் எந்தச் சந்திலும் கண்டுபிடித்துவிடலாம்.

கார் என் அக்கா பையனுடையது. ஷார்ட் கோர்ஸ் ட்ரக், பத்தில் ஒரு பங்கு அளவு, பிரஷ்லெஸ் மோட்டார், 2எஸ் பேட்டரி (இரண்டு செல்லை வரிசையாகச் சேர்த்தது). மாதவரம் பக்கம் ஒரு காலி மனையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி ஓட்டுவோம். பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் ஆட்கள்தான் அதிகம். மண்ணைக் குவித்து மேடு, பழைய டயரைப் பாதி புதைத்து வளைவு, அவ்வளவுதான் ட்ராக். ஆனால் ரேஸ் ரேஸ்தான். தோற்றவன் டீ வாங்கித் தரவேண்டும்.

பழைய பேக் தேய்ந்துவிட்டது என்று ஒன்று வாங்கப் போனோம். கடைக்காரர் எடுத்து வைத்தது கறுப்பு உறை போட்ட சாஃப்ட் பேக். மேலே தங்க நிற எழுத்தில் 6500 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு), 120சி என்று இருந்தது. ஹார்ட்கேஸ் (கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருப்பது) இல்லையா என்று கேட்டேன். "அதெல்லாம் வெயிட்டு தம்பி. இது லைட்டா இருக்கும், வண்டி பறக்கும். ரேஸ் பசங்க எல்லாம் இதான் வாங்கினு போறாங்க" என்றார். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் காட்டுகிற செல் செக்கரைச் செருகிப் பார்த்தேன், 3.84, 3.83 என்று காட்டியது. புது பேக் என்றால் தொழிற்சாலையிலிருந்து பாதிச் சார்ஜில், செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கம்தான் வரும். ஆக அதுவும் சரியாக இருந்தது. விலை 2,600 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "டாய் ஐட்டம் 1" என்று எழுதிக் கொடுத்தார். கீழே வழக்கம்போல "விற்ற சரக்கு வாபஸ் வாங்கப்படமாட்டாது".

இப்போது அந்த ஸ்டிக்கரைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சி ரேட்டிங் என்பது பேக் எத்தனை ஆம்பியர் விடாமல் கொடுக்கும் என்பதற்கான அளவு. கொள்ளளவை ஆம்பியர்-மணியாக்கி சி-யால் பெருக்க வேண்டும். 6.5 பெருக்கல் 120 என்றால் 780 ஆம்பியர். அந்த பேக்கில் இருந்த எக்ஸ்டி60 கனெக்டரே 60 ஆம்பியருக்குச் செய்யப்பட்டது. சி எண்ணைக் கொஞ்சம் ஏற்றிப் போடாத கம்பெனி அநேகமாக இல்லை, அது ஊரறிந்த விஷயம். ஆனால் அதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

எடையும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து கீழே மளிகைக்கடை டிஜிட்டல் தராசில் வைத்தால் 172 கிராம். 6.5 ஆம்பியர்-மணியை 2எஸ் பேக்கின் 7.4 வோல்ட்டால் பெருக்கினால் 48 வாட்-மணி. ஒரு கிலோ லைப்போவில் சுமார் 150 வாட்-மணி அடங்கும், நல்ல சரக்கென்றால் இன்னும் கொஞ்சம் கூட. அப்படியானால் இந்த பேக் 300 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். லைட்டாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை.

முதல் சார்ஜ் போட்டதும் சந்தேகம் உறுதியானது. 3.84-இலிருந்து முழுச் சார்ஜான 4.20 வரை போக 6500 பேக்குக்கு மூவாயிரம் எம்ஏஹெச்சுக்கு மேல் ஏற வேண்டும். என் சார்ஜர் 1,290 எம்ஏஹெச்சிலேயே "ஃபுல்" என்று கூவிவிட்டது. கடைக்கு போன் போட்டேன். "புது பேக்கு தம்பி, நாலு வாட்டி ஓட்டினா செட் ஆயிடும்" என்றார்கள்.

நாலு வாட்டி வரைக்கும் அது தாங்கவில்லை. ட்ரிகரை முழுசாக இழுத்தால் வண்டி ஒரு எட்டு பாயும், உடனே கட்டாகும். விட்டு இழுத்தால் மறுபடி பாயும், மறுபடி கட்டு. காரணம் உள்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே மின்சாரத்துக்கு இருக்கிற தடை. நல்ல 5000 எம்ஏஹெச் பேக்கில் ஒரு செல்லின் உள்தடை சில மில்லி ஓம்தான் இருக்கும். இதில் சார்ஜர் காட்டியது 19, 31. இரண்டும் சேர்ந்து 50 மில்லி ஓம். மோட்டார் 60 ஆம்பியர் இழுக்கும் நொடியில் பேக்குக்கு உள்ளேயே 3 வோல்ட் விழுந்துவிடும். முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் இருக்கிற பேக் 5.4 ஆகிறது. செல்லுக்கு 3.2 வோல்ட் என்று கட்-ஆஃப் வைத்த இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) வண்டியை நிறுத்தாமல் என்ன செய்யும்? அந்த 3 வோல்ட் எங்கே போகிறது என்பதுதான் பயப்பட வேண்டிய சமாச்சாரம். 60 ஆம்பியரும் 3 வோல்ட்டும் சேர்ந்தால் 180 வாட். ரேடியோ ரிப்பேர் கடை சால்டரிங் அயர்ன் 25 வாட். ஒவ்வொரு தடவை ட்ரிகரை இழுக்கும்போதும் அப்படி ஏழு அயர்னின் சூடு அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே இறங்குகிறது.

பையன் காரின் பாடியைக் கழற்றினான். பேக் நடுவில் புடைத்து, வெல்க்ரோ ஸ்ட்ராப்பை நெம்பிக்கொண்டு நின்றது. விரல் வைக்க முடியாத சூடு. நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாடை. செக்கரில் ஒரு செல் 3.31, இன்னொன்று 2.74. கறுப்பு உறை ஓரத்தில் வாயைப் பிளந்திருந்தது. அந்த இடுக்கில் உள்ளே நீல நிறத்தில் இன்னொரு உறை தெரிந்தது. அதன் மேல் பாதி கிழிந்த பழைய ஸ்டிக்கர்: 3500, 25சி. 172 கிராமுக்குப் பொருத்தமான எண் அதுதான்.

கனெக்டரைக் கழற்றி, பேக்கை மனையின் நடுவில் மண்மேல் வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். நன்றாக ஆறிய பிறகுதான் தொட்டது. அப்புறம் மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, மூடியை இறுக்காமல் எடுத்துப் போனேன். இறுக்கி மூடினால் வாயு வெளியேற வழியில்லாமல் டப்பாவே வெடிக்கும்.

கடைக்காரர் பேக்கைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, என்ன சார்ஜர். லைப்போ மோடில், பேலன்ஸ் லீட் (செல்களைச் சமமாக ஏற்ற உதவும் ஒயர்) போட்டு, 3 ஆம்பியரில் ஏற்றியது என்று சார்ஜரையே கொண்டுபோய்க் காட்டினேன். (நிக்கல் பேட்டரி மோடில் லைப்போவைப் போட்டால் 4.20-இல் நிற்காமல் ஏற்றிக்கொண்டே போகும், பேக் எரியும். அப்படி ஏதாவது சொல்லி என் தலையில் கட்டலாம் என்று பார்த்தார்.) அது நடக்கவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தி, பெரிய உதவி செய்வது போல ஒன்று சொன்னார்:

"ஒண்ணும் இல்ல தம்பி, காத்து புடிச்சிருக்கு. ஊசியால ஒரு குத்து குத்தி, காத்த எறக்கிட்டு, மேல டேப்ப சுத்து. இன்னும் ஆறு மாசம் ஓடும்."

பக்கத்தில் நின்ற என் அக்கா பையனைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். அவன் ஒன்பதாவது படிக்கிறான்.

லைப்போ செல்லுக்குள் செம்புத் தகடும் அலுமினியத் தகடும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். நடுவில் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் மட்டும்தான். ஊசி இறங்கினால் அந்தப் படலத்தைத் துளைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடும், உள்ளுக்குள்ளேயே ஷார்ட். சுற்றி இருக்கும் எலக்ட்ரோலைட் தீப்பிடிக்கும் கரைப்பான். அதில் கரைந்திருக்கும் லித்தியம் உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். கண்ணையும் நுரையீரலையும் அரிக்கிற விஷவாயு. ஊதிய பேக்கில் இருப்பது காற்றே இல்லை, எலக்ட்ரோலைட் சிதைந்து வந்த வாயு. ஊதிவிட்டால் அந்த பேக்கின் கதை முடிந்தது. குத்தக்கூடாது, அமுக்கக்கூடாது, மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது பின்கட்டுத் திரை விலகியது. உள்ளே ஒரு பையன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். காலடியில் பிளாஸ்டிக் பேசின் நிறையப் பழைய பேக்குகள். நீலம், மஞ்சள், வெள்ளி, சிலவற்றில் ஒயர் வெட்டியிருந்தது. கறுப்பு ஷ்ரிங்க் உறையை மாட்டி ஹீட் கன்னைக் காட்டிக்கொண்டிருந்தான். தங்க எழுத்து ஸ்டிக்கர் ரோல் மடியில். கடைக்காரர் சட்டென்று திரையை இழுத்துவிட்டார். அப்புறம் "சரி, வேற பீஸ் தரேன்" என்றார். அந்தப் பேசினிலிருந்து இன்னொன்று எனக்கு எதற்கு? பணத்தைக் கொடுங்கள் என்றேன். சீட்டைக் காட்டினார், வாபஸ் இல்லை என்று.

அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். முறையான பில் தராததும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நமக்குச் சென்னை வடக்கு ஆணையம் தனியாக இருக்கிறது. நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 1915-இல் என் புகாரைப் பதிந்தாகிவிட்டது, கடைக்கு நோட்டீஸும் பதிவுத் தபாலில் போயிருக்கிறது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. வோல்ட்டை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். செத்த பேக்கையும் சார்ஜ் போட்டு 3.84 காட்ட வைக்கலாம். உள்தடை காட்டும் சார்ஜரை எடுத்துப் போய் கவுன்டரிலேயே செருகிப் பாருங்கள். இரண்டு செல்லும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்ட வேண்டும், அதுவும் ஒற்றை இலக்கத்தில். அதற்குச் சம்மதிக்காத கடை வேண்டாம். கூகுளில் அந்த பேக்கின் எடையைத் தேடி, கடைத் தராசில் ஒப்பிடுங்கள். உறையின் இரண்டு முனையையும் வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இன்னொரு நிறம் இருந்தால் தெரியும். பில்லில் "டாய்" என்று எழுத விடாதீர்கள், லைப்போ, 2எஸ், எத்தனை எம்ஏஹெச் என்று எழுதச் சொல்லுங்கள். காருக்கு ஹார்ட்கேஸ்தான். அமெரிக்காவின் ஆர்.சி. கார் ரேஸ் அமைப்பான ரோர் (ROAR) ரேஸ் விதியிலேயே அதைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. நம்ம ட்ராக்கில் கல் தெறிக்கிற தெறிப்புக்குச் சாஃப்ட் பேக் எப்படித் தாங்கும்?

வீட்டு விஷயம் ஒன்று. நம்ம பக்கம் லைன் வீடு, ஒரே அறை, கட்டிலுக்கு அடியில் சார்ஜர், எட்டடியில் கேஸ் சிலிண்டர். பல பசங்கள் மெத்தைமேல் வைத்து சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். நல்ல பேக்காக இருந்தாலும் இது வேண்டாம். டைல்ஸ் தரை அல்லது மொட்டைமாடி நிழல், சுற்றிலும் துணி காகிதம் எதுவும் இல்லாமல், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஏற்றும் வேகம் 1சி. 5000 பேக்கென்றால் 5 ஆம்பியர். ஓடி முடித்த சூட்டில் ஏற்றாதீர்கள். அடுத்த ஞாயிறு வரை வைப்பதென்றால் ஸ்டோரேஜ் மோடில் 3.8-க்குக் கொண்டுவந்து வையுங்கள். மே மாத வெயிலில் வண்டி டிக்கியில் விட்டுவிட்டுப் போவது கூடவே கூடாது.

பற்றிக்கொண்டால் முதலில் ஆட்கள் வெளியே, மெயின் ஸ்விட்ச் ஆஃப், 101. லித்தியம் என்றால் தண்ணீரே ஊற்றக்கூடாது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அது லித்தியம் உலோகத்துக்கு. இந்த மாதிரி பேக்கில் மின் இணைப்பைத் துண்டித்த பிறகு நிறையத் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கும். புகையை மட்டும் சுவாசிக்காதீர்கள்.

ஊதிய பேக்கைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மாநகராட்சி வண்டியில் நசுங்கினால் அந்தத் தொழிலாளி மேல்தான் தீப்பிடிக்கும். காயலான் கடையிலும் போடாதீர்கள், சுற்றிவந்து அந்தப் பேசினுக்குத்தான் போகும். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு எடுக்கிற அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள். என்னுடையது ஆதாரம் என்பதால் இப்போதைக்கு மொட்டைமாடியில் மணல் டப்பாவில் இருக்கிறது.

கறுப்பு உறை, தங்க எழுத்து, 120சி. இந்த மூன்றும் உள்ள பேக்கைப் பாரிமுனையில் வாங்கியவர்கள் இருந்தால் அதை ஓட்டாமல் எடை போட்டு, உள்தடை பார்த்து, சார்ஜர் திரையையும் துண்டுச் சீட்டையும் போட்டோ எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் ஆணையத்தில் கூட்டாகவே மனு கொடுத்துவிடலாம்.