தனியாகக் காட்டுக்குள் நடக்கக் கிளம்புகிறவர்களுக்கு: பழைய பீக்கன் வாங்கி நான் ஏமாந்தது

பதினாறு நாள், தனியாக. வழியில் ஊர் கிடையாது, போன் சிக்னல் கிடையாது, பாதிவழியில் கால் பிசகினால் பக்கத்து ரோட்டைப் பிடிக்கவே மூன்று நாள் ஆகும். அப்படி ஒரு பாதைக்காக ஒன்றரை வருடம் தயாரானேன். சுமை தூக்கி நடந்து பழகினேன், வரைபடமும் திசைகாட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன், சின்னச் சின்ன நடைகள் தனியாகப் போய் வந்தேன். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசி மூன்று சாமான்களை ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்த ஒரே ஆளிடம் பழையதாக வாங்கினேன். அவசரத்துக்கு உதவி கேட்கும் பீக்கன், ஸ்லீப்பிங் பேக், தண்ணீர் ஃபில்டர். மூன்றுமே உருப்படி இல்லை. கிளம்ப பத்தொன்பது நாள் இருக்கும்போது அது தெரிந்தது, அதனால்தான் இதை எழுத முடிகிறது.

அந்த ஆள் விவரம் தெரியாதவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முழங்கால் போய்விட்டது, இனி நீண்ட நடை முடியாது, அதனால் விற்கிறேன் என்றார். சுமையை எப்படிப் பிரித்து அடுக்குவது, ஆற்றைக் கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்பு வாரை ஏன் கழற்றி வைக்க வேண்டும், அடுப்பு எரிவாயு குளிரில் ஏன் மந்தமாகிறது என்று ஒரு மணி நேரம் போனில் பேசினார். சொன்னது எல்லாமே சரி. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கிட்டே வந்தாலே ஆவியாவது நின்றுபோகும், அதனால் ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த சிலிண்டரை எடுத்துப் போ என்று அவர் சொன்னதை நான் இப்போதும் கடைப்பிடிக்கிறேன். இப்படிப் பேசுகிற ஒருவர் காட்டில் தனியாக இருக்கப் போகிறவனுக்குச் செத்துப்போன கருவியை விற்பார் என்று எப்படித் தோன்றும்? மூன்றையும் சேர்த்து எடுத்தால் குறைத்துத் தருகிறேன், இன்னொருவர் கேட்டிருக்கிறார், இன்றைக்குள் சொல் என்றார். சரி என்றுவிட்டேன்.

முதலில் மாட்டியது ஸ்லீப்பிங் பேக். மைனஸ் 17 டிகிரி தாங்கும் என்று சொல்லி விற்றிருந்தார். என் பாதையில் இரவு மைனஸ் 5 வரை இறங்கும், அதனால் தாராளம் என்று நினைத்தேன். ஒரு இரவு 2 டிகிரி இருந்தபோது, நடையில் விரிக்கப்போகும் அதே மெத்தையை விரித்து, அதே உடையோடு வெளியே படுத்துப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கெல்லாம் பல் கிட்டித்துவிட்டது. காலையில் டார்ச் அடித்து உள்ளே தேடினால், தையலோடு சேர்த்து வைத்திருக்கும் துணிச்சீட்டைக் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். தையலில் நூல் நூலாக ஒரு விளிம்பு மட்டும் மிச்சம் இருந்தது. அந்த மாடலின் விவரத்தைத் தேடிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. வசதியாகத் தூங்கும் வெப்பநிலை பிளஸ் 4, தாங்கும் எல்லை மைனஸ் 1. மைனஸ் 17 என்பது மூன்றாவது எண்.

அந்த மூன்றாவது எண்ணைப் பற்றித் தெரியாமல் நிறையப் பேர் வாங்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஐஎஸ்ஓ 23537 என்கிற தர அளவுப்படி, சூடேற்றிய பொம்மை ஒன்றைப் பைக்குள் வைத்து அளந்துதான் இந்த எண்களைக் கணக்கிடுகிறார்கள். முதல் எண், குளிர் சீக்கிரம் ஏறும் உடல்வாகு உள்ள ஒருவர் உடம்பைத் தளர்த்திப் படுத்து நிம்மதியாகத் தூங்குவதற்கு. இரண்டாவது, சுருண்டு படுத்து எப்படியோ இரவை ஓட்டுவதற்கு. மூன்றாவது, ஆறு மணி நேரம் உயிர் போகாமல் கிடப்பதற்கு, அதுவும் கைகால் விரல்கள் உறைந்து போகும் ஆபத்தோடு. அதைத் தூங்கும் வெப்பநிலை என்று சொல்லி விற்பது வடிகட்டின பொய். பாதையில் வரக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையை முதல் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். சீட்டு கத்தரிக்கப்பட்டிருந்தால் அந்தப் பையைத் தொடவே தொடாதீர்கள்.

அன்றைக்கே மற்ற இரண்டையும் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பீக்கன் என்று நான் சொல்வது பிஎல்பி எனப்படும் உள்ளங்கை அளவுக் கருவி. ஆன்டெனாவை விரித்து பட்டனை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் அவசரச் செய்தி போகும், காஸ்பாஸ் சார்சாட் என்கிற பன்னாட்டு அமைப்பின் செயற்கைக்கோள்கள் அதை வாங்கி மீட்புக் குழுவுக்குத் தள்ளிவிடும். 1982இல் கனடாவில் விழுந்த ஒரு சிறு விமானத்தில் இருந்த மூன்று பேரைக் காப்பாற்றியதில் தொடங்கி இன்றுவரை இது வேலை செய்கிறது. மாதச் சந்தா கிடையாது. வீட்டில் அம்மா என்னைத் தனியாக அனுப்பச் சம்மதித்ததே இந்த மஞ்சள் பெட்டியைக் காட்டிய பிறகுதான்.

ஒவ்வொரு பீக்கனுக்கும் அதற்கே உரிய அடையாள எண் உண்டு, என்னுடையதில் பதினைந்து எழுத்துகள். அந்த எண்ணை உங்கள் பெயர், வீட்டுப் போன் எண், பயண விவரம் எல்லாவற்றோடும் பதிவு செய்ய வேண்டும். நான் பதிவு செய்யப் போனால் எண்ணை ஏற்க மறுத்தது. எழுதிக் கேட்டேன். இது ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருக்கிறது, அவர் விடுவித்தால்தான் உங்கள் பெயருக்கு மாற்றுவோம் என்று பதில் வந்தது. விற்றவர் சொந்தப் பெயரில் பதிவே செய்யவில்லை, அவரும் யாரிடமோ வாங்கியிருக்கிறார். அப்போதுதான் சந்தேகம் வந்து பின்பக்கத்து ஸ்டிக்கரை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு மயிரிழை அளவுக்கு இன்னொரு நிறம். நகத்தால் மெல்லக் கிளப்பினேன், மேலே ஒட்டியிருந்த தாள் பசையோடு சுருண்டு வந்தது. அடியில் அசல் ஸ்டிக்கர். அதில் அச்சிட்டிருந்த பேட்டரி மாற்ற வேண்டிய தேதி தாண்டி நான்கு வருடம் ஆகியிருந்தது. மேலே ஒட்டிய தாளில் இன்னும் மூன்று வருடம் பாக்கி இருப்பதாகப் போட்டிருந்தார்கள். ஆன்டெனாவை மூடியிருக்கும் முத்திரையும் ஒரு முறை உடைத்துப் பசை வைத்து ஒட்டியது. அதாவது இந்தக் கருவியை யாரோ எங்கோ ஏற்கெனவே விரித்திருக்கிறார்கள்.

போன் செய்தேன். மனுஷன் அசரவில்லை. டெஸ்ட் பட்டனை அழுத்து, விளக்கு எரியும், எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், யார் பெயரில் இருந்தால் என்ன, பட்டனை அழுத்தினால் ஹெலிகாப்டர் வரும் என்றார். விளக்கு எரியத்தான் செய்தது. ஆனால் நல்ல பேட்டரி உள்ள பிஎல்பி, கடுங்குளிரிலும் குறைந்தது 24 மணி நேரம் விடாமல் செய்தி அனுப்ப வேண்டும். ஏறக்குறைய ஐம்பது வினாடிக்கு ஒரு முறை ஐந்து வாட் சக்தியில் அது துடிக்கிறது. ஒரு நொடி விளக்கு எரிவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அடிக்கடி டெஸ்ட் செய்து பார்ப்பதே அந்த பேட்டரியைத்தான் தின்னும். நாமே பேட்டரி வாங்கி மாற்றிவிடவும் முடியாது, அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் இடத்தில் மாற்றி, நீர் புகாத சீலைப் புதுப்பித்து, சோதித்துத் தர வேண்டும்.

பெயர் விஷயத்திலும் அவர் சொன்னது பாதி உண்மை. செய்தி போகும்தான். ஆனால் செய்தி வந்ததும் மீட்பு மையம் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று, பதிவில் இருக்கும் எண்ணுக்குப் போன் போடுவது. நான் பள்ளத்தில் கால் உடைந்து கிடக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் மணி அடிக்கும், அவர் நான் வீட்டில்தானே இருக்கிறேன் என்பார், தவறான அழைப்போ என்று ஒரு குழப்பம் வரும், நான் யார், எந்தப் பாதை, எத்தனை நாள் உணவு வைத்திருக்கிறேன் என்று எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அந்தக் குழப்பத்தில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் என்னுடையது. இதை அவரிடம் சொன்னேன். பார்த்துத்தானே வாங்கினாய் என்று வைத்துவிட்டார். அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார், இரண்டு நாளில் விளம்பரமும் காணாமல் போனது.

ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழல் இழை ஃபில்டர்கள், அதாவது பொடி உறிஞ்சுகுழல்களைக் கட்டி வைத்த மாதிரி உள்ளே இருக்கும் வகை, ஒரு முறை ஈரத்தோடு உறைந்தாலே இழை வெடித்துவிடும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது, தண்ணீர் வழக்கம்போல, சொல்லப்போனால் இன்னும் வேகமாகவே வரும், கிருமியும் கூடவே வரும். நான் நன்றாக நனைத்து, ஒரு முனையில் வாய் வைத்து ஊதினேன். நனைந்த நல்ல இழை காற்றை விடாது. இதில் கொப்பளித்துக்கொண்டு போனது. நேராகக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

பழைய சாமான் வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. என் முதுகுப்பை, ஊன்றுகோல், சமையல் பாத்திரம் மூன்றும் யாரோ பயன்படுத்தியதுதான், அருமையாக இருக்கின்றன. கிழிந்திருந்தால் தெரியும், வளைந்திருந்தால் தெரியும். கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாத சாமானைத்தான் பழையதாக வாங்கக் கூடாது. பீக்கனைப் பழையதாக வாங்கியே தீர வேண்டும் என்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே அடையாள எண்ணையும் பேட்டரி தேதியையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய சொந்தக்காரர் பதிவை விடுவித்ததற்கான சான்று கேளுங்கள். எண்ணிலேயே எந்த நாட்டுப் பதிவு என்பதும் அடங்கியிருக்கிறது, அதனால் வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் உங்கள் நாட்டில் பதிவாகுமா என்று விசாரியுங்கள். சந்தா கட்டி இயங்கும் செயற்கைக்கோள் மெசேஜ் கருவிகளிலும் இதே சிக்கல் உண்டு, முந்தைய ஆள் தன் கணக்கிலிருந்து நீக்காவிட்டால் உங்களால் இயக்க முடியாமல் போகலாம். இதற்கெல்லாம் நேர்மையான ஆள் அரை நாளில் பதில் தந்துவிடுவார். இன்றைக்குள் முடிவு சொல் என்று ஒருவர் அவசரப்படுத்தினால் அப்படியே விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. பேச்சுவாக்கில் அவர் எந்தப் பாதை, எந்தத் தேதி, கூட யாராவது வருகிறார்களா என்று கேட்டார், நானும் ஆர்வத்தில் முதல் நாள் இரவு எங்கே கூடாரம் போடுவேன் என்பது வரை சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் செய்யப் போவதில்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் தனியாகப் போகிறவர் முகம் தெரியாத ஒருவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கிளம்பும் தேதியை மாற்றிவிட்டேன், எந்தப் பக்கமிருந்து நடையைத் தொடங்குவது என்பதையும் மாற்றிவிட்டேன். புதுப் பாதை விவரம் வீட்டிலும், நம்பிக்கையான ஒரு நண்பனிடமும், பீக்கன் பதிவிலும் மட்டும் இருக்கிறது.

பணம் திரும்பவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன். புது பீக்கன் வாங்கி என் பெயரில் பதிவு செய்து, வந்த உறுதிக் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். அவசரத் தொடர்பு என்ற இடத்தில் தன் போன் எண் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பழைய பீக்கனைக் குப்பையில் போடவில்லை, போடவும் கூடாது. குப்பைமேட்டில் நசுங்கித் தானாக இயங்கி மீட்புக் குழுவை அலைய வைத்த சம்பவங்கள் உண்டு. யாரும் தெரியாமல் விரித்துவிடாதபடி ஆன்டெனாவைச் சுற்றி டேப் ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன், சர்வீஸ் இடத்தில் கொடுத்து பேட்டரியைக் கழற்றும் வரை அங்கேயே இருக்கும்.