ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ: மூன்று வருட ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுபவம்

மும்பை மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கத்தில் கெமிக்கல் வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சரக்கெல்லாம் பிவண்டி குடோனில் இருக்கும், தூத்துக்குடியில் ஒரு கிளை இருக்கிறது. சாயங்காலம் ஏழரைக்கு ஹார்பர் லைனில் செம்பூருக்கு வண்டி ஏறினால் சரியாக அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து போன் வரும். "அக்கா, வண்டி வழியில நின்னுடுச்சு, வேற வண்டிக்குச் சரக்கை மாத்தியாச்சு, இ-வே பில்லுல நம்பரை எங்க மாத்தணும்?" இ-வே பில் என்றால் சரக்கை வண்டியில் அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு, அதில் வண்டி விவரம் வரும் பகுதிதான் பார்ட் பி. அதை ஆரம்பித்து நான் சொல்லி முடிப்பதற்குள் வடாலா வந்துவிடும், கூட்ட இரைச்சலில் அவர்களுக்குப் பாதிதான் கேட்கும். மறுநாள் அதே கேள்வி பிவண்டியிலிருந்து இந்தியில் வரும். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடம் அது, சொல்லிக் கொடுத்தவர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

அதனால்தான் 2022 ஜூலையில் திரையைப் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தேன். முதல் வீடியோ 42 நிமிடம். லாகின் செய்வதிலிருந்து பில்லை பிரிண்ட் எடுப்பது வரை எல்லாம் அதில் இருந்தது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது. போன் கொஞ்சம்கூடக் குறையவில்லை. வாசலில் லாரி நிற்கிறது, டிரைவர் அவசரப்படுத்துகிறார், அந்த நேரத்தில் ஒருவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். அது 42 நிமிடத்தில் எங்கே இருக்கிறது என்று அவர் தேடுவாரா, எனக்கு போன் போடுவாரா?

அந்த வீடியோவை அப்படியே விட்டுவிட்டு ஒரு நோட்டில் ஒரு மாதம் வந்த போன் கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்தேன். அந்த நோட்டுதான் இன்றுவரை எனக்குப் பாடத்திட்டம். இப்போது 31 வீடியோ இருக்கிறது, முக்கால்வாசி மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பைலுக்குப் பெயரே அந்தக் கேள்விதான்: "வண்டி மாறினால் நம்பர் எங்கே மாற்றுவது", "பில் நேரம் முடியப்போகிறது, எப்படி நீட்டிப்பது", "தப்பாகப் போட்ட பில்லை எப்படி ரத்து செய்வது". கெடு இருக்கிற விஷயமென்றால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன். ரத்து என்றால் பில் போட்ட 24 மணி நேரத்துக்குள், நீட்டிப்பு என்றால் காலாவதிக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும்தான். இதைக் கடைசியில் சொன்னால் அங்கே வரைக்கும் யாரும் பார்ப்பதில்லை.

மென்பொருள் விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் கேம் பாரில்தான் தொடங்கினேன், விண்டோஸ் கீ, ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவு தொடங்கிவிடும். ஆனால் அது ஒரு செயலியின் ஜன்னலை மட்டும்தான் பிடிக்கும், டெஸ்க்டாப்பையோ பைல் எக்ஸ்ப்ளோரரையோ பிடிக்காது. எங்கள் வேலையோ டாலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போட்டு, பிரவுசருக்குப் போய், பிடிஎப் இறக்கி, போல்டரில் தேடி எடுப்பது. லூம் என்ற இணையப் பதிவுச் செயலி கொஞ்ச நாள் நன்றாகவே உதவியது, பதிவு முடிந்த கையோடு லிங்க் வந்துவிடும். இலவசக் கணக்கில் 25 வீடியோ, ஒவ்வொன்றும் 5 நிமிடம் என்ற வரம்பு என் கணக்குக்குப் போதவில்லை. கடைசியில் ஓபிஎஸ் ஸ்டுடியோவில் வந்து நின்றேன், முழுக்க இலவசம், நிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூலம். முதல் வாரம் அதன் திரையைப் பார்த்தாலே மலைப்பாக இருந்தது. நமக்கு வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தபிறகு சிரமமே இல்லை.

ஓபிஎஸ்ஸில் நான் மாற்றிய இரண்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ஒன்று, எம்கேவி வடிவில் பதிவு செய்வது. எம்பி4 வழக்கமாக எது எங்கே இருக்கிறது என்ற தன் அட்டவணையைப் பதிவு முடியும்போதுதான் எழுதும், நடுவில் டிஸ்க் நிரம்பி லேப்டாப் நின்றுபோனால் அந்த பைல் திறக்காது. எனக்கு அப்படி ஒரு முழுச் சாயங்காலம் போனது. எம்கேவியில் நின்ற இடம் வரை பத்திரமாக இருக்கும், பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் செய்து, அதாவது தரம் குறையாமல் வடிவை மட்டும் மாற்றி, எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, அளவு. குடோனில் பார்ப்பது ஆறு அங்குல போனில். 1920க்கு 1080 திரையை அப்படியே பதிவு செய்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். பிரவுசரை 150 சதவீதம் பெரிதாக்கி, ஓபிஎஸ்ஸில் பதிவாகும் பரப்பான கேன்வாஸை 1280க்கு 720 என்று வைத்து, நொடிக்கு 15 பிரேம் பதிவு செய்கிறேன். அசையாத படிவத்துக்கு அது தாராளம். நொடிக்கு எவ்வளவு தரவு என்பதைச் சொல்லும் பிட்ரேட்டை 1000 கிலோபிட் என்று வைத்தால் மூன்று நிமிடம் சுமார் 25 எம்பிதான் வரும்.

குரலுக்குத் தனி மைக் வாங்கவில்லை, போனோடு வந்த ஒயர் இயர்போன்தான். ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம், மழைக்காலத்தில் தகரக் கூரைச் சத்தம் வேறு. ஓபிஎஸ்ஸின் நாய்ஸ் சப்ரஷன் ஃபேன் இரைச்சலை நன்றாக எடுக்கிறது, ஆனால் ரயில் ஹார்ன் வந்தால் பேச்சையும் சேர்த்துக் கடித்துவிடுகிறது. அதனால் வீட்டில், எல்லோரும் தூங்கியபிறகு, கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிடுகிறேன்.

இங்கே ஒரு பெரிய உதவி மும்பை பவாயில் இருக்கும் ஐஐடியிலிருந்து வந்தது. ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்களைப் பார்த்திருப்பீர்கள், பத்து நிமிட அளவில், பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நாமும் செய்கிற மாதிரி. அவர்கள் முதலில் ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள், திரை ஒன்றே, குரலை மட்டும் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் மாற்றுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் மாறினேன். முதலில் என்ன பேசப்போகிறேன் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, திரையைப் பேசாமல் பதிவு செய்து, அடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் தமிழ்க் குரல் ஒன்று, இந்திக் குரல் ஒன்று எடுத்து ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டரில் சேர்க்கிறேன். ஒரு மொழியில் வாக்கியம் நீண்டால் அந்த இடத்தில் படத்தை இரண்டு நொடி நிறுத்தி வைத்தால் போதும். எழுதி வைத்துப் பேசும்போது "இங்க போயி, இதை அழுத்தி" என்பதெல்லாம் போய், பட்டனின் பெயரையே சொல்லும் பழக்கம் வந்தது. போனில் எழுத்து சரியாகத் தெரியாதவருக்கு இந்த ஒரு பழக்கம்தான் உண்மையான உதவி.

சரி, பதிவு பாதி வேலைதான். மூன்று வருடத்தில் நான் அதிகம் தடுமாறியது பகிர்வதில். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அமுக்கிவிடும், எண்கள் மங்கிப்போகும். டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் அப்படியே இருக்கும், ஆனால் குரூப்பில் இரண்டு வாரத்தில் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். யூடியூபில் அன்லிஸ்டட் ஆகப் போட்டேன். லிங்க் கையில் இருக்கும் எவரும் பார்க்கலாம் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணும் விலையும் ஒரு வீடியோவில் தெரிந்ததைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது, அன்றே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பதிவுக்கென்று தனி பிரவுசர் ப்ரொபைல், நோட்டிபிகேஷன் எல்லாம் அணைத்து, வாடிக்கையாளர் பெயர் வரும் இடம் முழுவதையும் மறைத்து, அனுப்புவதற்கு முன் சத்தமில்லாமல் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். பேச்சு காதில் விழாதபோதுதான் திரை மூலையில் இருப்பதெல்லாம் கண்ணில் படுகிறது.

இப்போது எல்லாம் கூகுள் டிரைவில் ஒரே போல்டரில், இரண்டு கிளைக் கம்ப்யூட்டர்களின் கணக்குக்கும் கம்பெனி போன்களுக்கும் மட்டும் அனுமதி. இதைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் பழைய வீடியோவின் லிங்க் மாறாமல் புதிய பதிப்பை ஏற்ற முடிகிறது, மேனேஜ் வெர்ஷன்ஸ் என்ற இடத்தில். யூடியூபில் அது முடியாது, புதிதாக ஏற்றினால் புது லிங்க்தான். இது சின்ன விஷயம் என்றுதான் முதலில் நினைத்தேன். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் எல்லோருக்கும் ஓடிபியோடு லாகின் என்று ஆனபோதுதான் அதன் அருமை தெரிந்தது. என் வீடியோக்களில் லாகின் காட்டியது ஒன்றே ஒன்று. அதை மட்டும் இரவோடு இரவாக மாற்றி அதே லிங்க்கில் ஏற்றினேன். குடோன் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் தாளைக்கூடக் கிழிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த 42 நிமிட வீடியோவை மட்டும் நம்பியிருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

போன் நின்றுவிட்டதா என்றால் இல்லை. மாதக் கடைசியில் இன்னும் வரும், ஆனால் "எங்கே அழுத்துவது" என்று இல்லாமல், சரக்கு பாதி திரும்பி வந்தால் என்ன செய்வது மாதிரி, உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வியாக வருகிறது. போன வாரம் தூத்துக்குடியில் புதிதாகச் சேர்ந்த பெண் டாலியில் ஹெச்எஸ்என் கோடு (ஜிஎஸ்டிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்) திருத்துவதைத் தானே பதிவு செய்து, பைலுக்கு "கோடு தப்பா வந்தா எங்க திருத்தணும்" என்று பெயர் வைத்து, மறக்காமல் டாக்குமெண்டாக அனுப்பியிருக்கிறாள். வாடிக்கையாளர் பெயரையும் மறைத்திருக்கிறாள். 32வதாகப் போல்டரில் போட்டுவிட்டேன், இந்த வீடியோவுக்கு இந்திக் குரலை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேச வேண்டும்.